இராஜபாளையம் குட்டி வாங்குமுன்

உழவு மாடு வாங்கச் சந்தைக்குப் போகிறவர் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், நாலு அடி நடக்கவிட்டு, குளம்பு மண்ணில் எப்படிப் பதிகிறதென்று பார்க்கிறார், இவ்வளவும் பார்த்த பிறகும், கூட வந்த பெரியவர் தலையசைத்தாலன்றித் துண்டுக்கடியில் விலைக்கு விரல் பிடிக்கமாட்டார். தலைமுறை தலைமுறையாக நம்மவரிடம் இருந்துவரும் இந்தச் சிரத்தை, நாய்க்குட்டி வாங்கும் சமயத்தில் மட்டும் நம்மை விட்டு அகன்றுவிடுகிறது. கூடையில் கிடக்கும் ஒரு மாதக் குட்டி கண்ணைச் சிமிட்டி நம் விரலை நக்கிவிட்டால், அந்த கணமே வியாபாரம் முடிந்துவிடுகிறது. பத்துப் பன்னிரண்டு வருஷம் நம் வாசற்படியில் கிடந்து, நம் சோற்றைத் தின்று, நம் குழந்தைகளோடு வளரப்போகிற பிராணியின் ஜாதி எது, சுபாவம் எது, அதன் வம்சத்தில் ஓடுகிற நோய் எது என்பதை வாங்கிய பிறகே நம்மில் பலர் விசாரிக்கத் தொடங்குகிறோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

எல்லா ஜாதிகளையும் பற்றி இந்த அதிகாரத்தில் பொதுவாகப் பேசப்போவதில்லை. நான் நெருங்கி அறிந்தது இராஜபாளையம் நாய். அந்த ஒன்றை முன்வைத்து விசாரிக்கும் முறையைச் சொன்னால், வேறு ஜாதியை நாடுகிறவர்களும் தங்களுக்கு வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

பல வருஷங்களுக்கு முன், புரட்டாசி மாதக் கடைசியில், மதுரையில் எங்கள் வீட்டுக்கு ஒரு வெள்ளைக் குட்டி வந்தது. அதை ஈன்ற தாய் எங்கே இருக்கிறது, தகப்பன் எது, பிறந்து எத்தனை நாளாயிற்று என்ற எதையும் விற்றவரிடம் நான் கேட்கவில்லை. பால் போன்ற நிறம். ரோஜா நிற மூக்கு. மடிந்து தொங்கும் காது. ஒரு கண் தேன் நிறம், மற்றது வெளிர் நீலம். அந்த நீலக் கண்ணே அதன் அழகுக்கெல்லாம் அழகென்று நினைத்து, கூடையிலிருந்த ஐந்து குட்டிகளில் அதைத் தேர்ந்தெடுத்து, மணி என்று பெயரும் வைத்தோம். தீபாவளி விடியற்காலையில் தெருவெங்கும் சரவெடி வெடித்தபோது, பக்கத்து வீட்டு நாய் கட்டிலுக்கடியில் ஒடுங்கி நடுங்கிக்கொண்டிருக்க, எங்கள் மணி திண்ணையில், வெடிப்புகைக்கு நடுவே, காதுமடல்கூட அசையாமல் உறங்கிக்கொண்டிருந்தது. வேட்டை நாயின் ரத்தமென்றால் இப்படித்தான் இருக்குமென்று, பலகாரத் தட்டோடு வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னேன். என் தாயார் மட்டும் ஒன்றும் சொல்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை, உறங்குகிற குட்டிக்குப் பின்னால் வந்து நின்று, பித்தளைத் தாம்பாளத்தைக் கரண்டியால் ஓங்கித் தட்டினார். அது அசையவில்லை. பிறகு குனிந்து அதன் முதுகில் ஒரு விரலை வைத்தார். திடுக்கிட்டுத் துள்ளி எழுந்து, கடிக்க வாயைத் திறந்து, அம்மாவென்று தெரிந்ததும் அந்த விரலையே நக்கிற்று.

"இதுக்குக் காது கேக்கலைப்பா" என்றார் அம்மா.

இந்தச் செவிடு விபத்தினாலோ காய்ச்சலினாலோ வந்ததன்று; அதன் வெண்மையோடு கூடப் பிறந்தது. தோலுக்கும் ரோமத்துக்கும் கண்ணுக்கும் நிறம் தருகிற செல்கள், குட்டி கருவில் இருக்கும்போதே முதுகுத்தண்டை ஒட்டிய பாகத்தில் தோன்றி உடலெங்கும் பரவுகின்றன. அவற்றில் சில உட்செவிக்குள்ளும் போய்த் தங்குகின்றன. நத்தைக்கூடு போன்ற அந்த உறுப்பின் சுவரில், ரத்த நாளங்கள் செறிந்த மெல்லிய பட்டை ஒன்று உண்டு. ஒலியை உணரும் நுண்ணிய இழைகளைச் சூழ்ந்திருக்கும் திரவம் கெடாமல் காப்பது அதன் தொழில். அந்தத் தொழில் நடப்பதற்கு நிறச்செல்கள் வேண்டும். பரவிச் செல்லும் வழியில் அவை அங்கே போய்ச் சேராமல் நின்றுவிட்டால், பிறந்த மூன்று நான்கு வாரங்களுக்குள் அந்தப் பட்டை நலிந்து, ஒலி உணரும் செல்கள் மடிந்துவிடுகின்றன. பிறகு எந்த மருந்தாலும் அவற்றை மீட்க முடியாது. காதின் வெளித் தோற்றத்தில் யாதொரு வேறுபாடும் தெரியாது. நீலக் கண்ணும் நிறச்செல் குறைவின் அடையாளமே ஆகையால், நான் எந்த அழகைக் கண்டு அந்தக் குட்டியைத் தேர்ந்தெடுத்தேனோ அதுவே எனக்குக் கிடைத்த எச்சரிக்கையாகவும் இருந்தது. அதைப் படிக்க எனக்குத் தெரியவில்லை.

வெள்ளை நாயெல்லாம் செவிடு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நம் ஊர் வீடுகளில் பொமரேனியன் என்று சொல்லி வளர்க்கிற வெள்ளைச் சடை நாயின் மூக்கையும் கண்ணிமையின் ஓரத்தையும் கவனியுங்கள்; அவை நல்ல கறுப்பாக இருக்கும். நிறச்செல்கள் உடலில் இருந்தும் ரோமம் மட்டும் வெளுத்திருப்பது ஒரு வகை. செல்களே போய்ச் சேராததனால் வெளுத்திருப்பது மற்றொரு வகை. இரண்டாம் வகையில்தான் அபாயம். இந்த விஷயம் நன்றாக ஆராயப்பட்டிருப்பது, வெள்ளையில் கரும்புள்ளி கொண்ட டால்மேஷியன் ஜாதியில். அமெரிக்காவில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்து ஜார்ஜ் ஸ்ட்ரெய்ன் என்ற அறிஞர் பல வருஷங்களாகச் சேகரித்த கணக்கின்படி, அந்நாட்டு டால்மேஷியன்களில் 100க்கு ஏறத்தாழ 8 இரு செவியும் கேளாதவை. ஏறத்தாழ 22 ஒரு செவி மட்டும் கேளாதவை. பிறக்கும்போதே உடலில் பெரிய கறுப்புத் திட்டோடு பிறக்கும் டால்மேஷியன் குட்டிகளிடம் இந்தக் குறை குறைவாக இருக்க, கண்காட்சி விதிகளோ அப்படித் திட்டுள்ள குட்டியைத்தான் தள்ளுபடி செய்கின்றன. இராஜபாளையத்திலும் இதைப் போன்றதொரு வழக்கமே நெடுங்காலம் நடந்துவந்திருக்கிறது. பழுப்புத் திட்டோடு பிறந்த குட்டியை மட்டமென்று ஒதுக்கி, அப்பழுக்கற்ற வெள்ளைக்கே வெள்ளையைச் சேர்த்துவந்தார்கள். வளர்ப்பவரை மட்டும் இதற்குக் குற்றம் சொல்வது நியாயமாகாது. 'துளி மாசு இல்லாத பால் வெள்ளையாக வேண்டும்' என்று பணத்தை நீட்டுகிறவர் நாம். நாம் கேட்பதை அவர் உண்டாக்கித் தருகிறார். காதோரத்தில் ஒரு பழுப்புப் பொட்டு உள்ள குட்டியை, செவி கேட்கிறதென்று உறுதியானபின் மனமுவந்து வாங்குகிற ஒருவர், இந்த ஜாதிக்குத் தம்மால் ஆன நன்மையைச் செய்தவராவார்.

செவியைச் சோதிக்கும் விதத்தைச் சற்று விரித்தே சொல்கிறேன். குட்டிக்கு ஐந்து வாரம் நிறையும்வரை பொறுத்திருங்கள். மற்றக் குட்டிகளோடு சேர்த்துச் சோதிக்கவே கூடாது. கேட்கிற குட்டி எழுந்தால், கேளாததும் அதன் அசைவை உணர்ந்து கூட எழுந்துவிடும். விற்பவரும் அறியாமல் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஒரு குட்டியை மட்டும் தனி அறைக்குக் கொண்டுபோய், அது நம்மை மறந்து தரையை முகர்ந்துகொண்டிருக்கும்போதோ, உறங்கிப்போன பிறகோ, அதன் கண்ணுக்குப் படாத பின்புறத்தில் நில்லுங்கள். கையைத் தட்டினால் காற்று அதன் மேல் படும். காலால் தரையை உதைத்தால் அதிர்ச்சி பாதத்தில் தெரியும். ஆகையால் சாவிக்கொத்தைக் குலுக்குவது, காகிதத்தைக் கசக்குவது, மெல்லச் சீட்டியடிப்பது ஆகியவையே தக்கவை. பெரிய சத்தம், சிறிய சத்தம், கீச்சென்ற சத்தம், கனத்த சத்தம் என்று மாற்றி மாற்றி, நடுவே இடைவெளி விட்டு, வேறொரு நாளிலும் திரும்பச் செய்து பார்க்க வேண்டும். சலிப்படைந்த குட்டி கேட்டும் கேளாததுபோல் இருப்பதுண்டு. கேட்கிற குட்டியின் காதடி முதலில் அசையும். தலை பிறகுதான் திரும்பும். அந்தச் சிறு அசைவைப் பிடிக்க ஒருவர் சத்தம் எழுப்ப, மற்றொருவர் எதிரே சும்மா இருந்து கவனிப்பது நல்லது.

ஒரு செவி மட்டும் கேளாத குட்டியை இந்தச் சோதனையால் கண்டுபிடிக்க இயலாது. சத்தம் வந்த திசை தெரியாமல் மறுபக்கம் திரும்பினால் சந்தேகப்படலாம், அவ்வளவே. அதை உறுதியாகக் காட்டுவது பேயர் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மின்சோதனை. தலைத் தோலில் நுண்ணிய ஊசிமுனைகளைப் பொருத்தி, ஒவ்வொரு செவியிலும் தனித்தனியே 'டக் டக்' என்ற ஒலியைச் செலுத்தி, மூளையில் எழும் மின்னலையைப் பதிவு செய்வார்கள். எல்லா ஊரிலும் கிடைப்பதன்று ஆகையால், முதலில் உங்கள் கால்நடை மருத்துவரிடமோ, அருகிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ விசாரியுங்கள். ஒரு செவியோடு நாய் சுகமாகவே வாழும். ஆனால் அதை இணைசேர்க்கக் கூடாது. பெற்றோரில் ஒன்றுக்கு ஒரு செவி பழுதாயிருந்தாலும் குட்டிகளில் செவிடு பிறக்கும் சாத்தியம் அதிகம்.

இனி சுபாவத்துக்கு வருவோம். எந்த ஜாதி நாயைப் பற்றியும் கேட்க வேண்டிய முதற்கேள்வி, அது எந்த வேலைக்காக உண்டாக்கப்பட்டது என்பதே. தலைமுறைகள் பலவாகப் பொறுக்கிப் பொறுக்கி இணைசேர்த்து ரத்தத்தில் ஏற்றிவிட்ட வேலையை, நம் வீட்டு வரவேற்பறை ஓரிரு வருஷத்தில் மறக்கடித்துவிடாது. இராஜபாளையம் காட்டுப்பன்றி வேட்டைக்கும் வீட்டுக் காவலுக்கும் வளர்க்கப்பட்டது. தோளளவில் 65 முதல் 75 செ.மீ. வரை வளரும் பெரிய நாய். ஒருவரையோ ஒரு குடும்பத்தையோ தன்னுடையதென்று வரித்துக்கொண்டு, அந்நியர் தொடுவதை விரும்பாமல் விலகி நிற்கும். வருவோர் போவோரெல்லாம் தடவிக் கொடுக்கிற நாய் வேண்டுமென்பவருக்கு இது ஏற்றதன்று. சுற்றுச்சுவரும், ஓட இடமும், நாள்தோறும் அதனோடு நடக்க ஓர் ஆளும் வேண்டும். வெளுத்த தோலும் ரோஜா நிற மூக்கும் சித்திரை வெயிலில் எளிதாகப் புண்ணாகும் ஆதலால், பகலில் நிழலில் கிடக்க இடமும் வேண்டும்.

சிப்பிப்பாறை முற்றிலும் வேறு பிராணி. விருதுநகர்ச் சீமையின் கரிசல் காட்டில் முயலைக் கண்ணால் கண்டு துரத்திப் பிடிக்கப் பிறந்தது. ஒட்டிய வயிறும் நீண்ட காலுமாக, எதிரே ஓடுவது பூனையானாலும் பக்கத்து வீட்டுக் கோழியானாலும் நம் குரல் எட்டுமுன் வயலைக் கடந்திருக்கும். அதன் உடலில் கொழுப்பு மிகவும் குறைவு. கிரேஹௌண்ட் போன்ற இத்தகைய ஓட்ட நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் நெடுநேரம் தெளியாமல் நிற்குமென்பதை அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவரிடம் நினைவூட்டுவது நல்லது. கன்னி என்ற பெயரில் வழங்கும் கறுப்பு நாயும் சிப்பிப்பாறையும் ஒன்றே, நிறம்தான் வேறு என்பாரும் உண்டு; இல்லை, இரண்டும் வெவ்வேறு என்று வாதாடுவாரும் உண்டு; வாங்குகிறவருக்கு அந்த வழக்கைக் காட்டிலும் தாய் தகப்பனின் குணமே முக்கியம். தேனிப் பக்கத்துக் கோம்பை, செவலை உடலும் கருத்த வாயும் கொண்ட உறுதியான காவல் நாய். இந்த நான்கையும் 'நாட்டு ஜாதி' என்று ஒரே சொல்லால் சுட்டிவிட்டு, கிடைத்ததை வாங்கிக்கொள்கிறவர் பின்னால் வருந்துவார். இவற்றின் மேல் இப்போது எழுந்திருக்கும் ஆர்வம் நல்லதே. 2005ல் தபால் இலாகா வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் இராஜபாளையமும் ஒன்று. 2020ல் பிரதம மந்திரி தம் வானொலிப் பேச்சில் இந்த ஜாதிகளின் பெயரைச் சொன்னார். ஆனால் கிராக்கி ஏறும்போதெல்லாம், கலப்புக் குட்டியை அசல் என்றும் அண்ணன் தங்கையை இணைசேர்த்து ஈன்ற குட்டியைச் சுத்தமென்றும் விற்பவர் பெருகுவார்கள்.

ஆகையால், குட்டியைப் பார்க்குமுன் வளர்ந்த நாயைப் பாருங்கள். குட்டி எந்த ஜாதியானாலும் குட்டியாகவே இருக்கும். அதனிடமிருந்து தெரிந்துகொள்ள அதிகம் இல்லை. நீங்கள் விரும்பும் ஜாதியை வளர்க்கும் வீட்டுக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போய், அந்நியர் வாசலில் நிற்கும்போது அது என்ன செய்கிறது, தின்னும் தட்டருகே குழந்தை வந்தால் எப்படி இருக்கிறது, சங்கிலியை அவிழ்த்தால் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று ஒரு காலைப்பொழுதாவது இருந்து கவனியுங்கள். வளர்ப்பவரிடம் அதன் பெருமையைக் கேட்காதீர்கள். அதனால் பட்ட கஷ்டத்தைக் கேளுங்கள். மனந்திறந்து சொல்வார்கள்.

மணிக்கு எட்டு வயதானபோது இரண்டாவது குட்டிக்காக நான் இராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றுக்குப் போனேன். வீட்டுக்கார அம்மாள் அறுபது வயதைக் கடந்தவர். நார்க்கட்டிலில் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். விலையைப் பற்றிப் பேச்செடுக்கவே விடவில்லை. தாய் நாய் தொழுவத்திலிருந்து எழுந்து வந்து, எனக்கும் குட்டிகள் கிடந்த சாக்குக்கும் நடுவே நின்றது. நான் கையை நீட்டப் போனேன்.

"வேண்டாம் தம்பி, கையை நீட்டாதீங்க. அதுவா வரட்டும்" என்றார்.

கால் மணி நேரம் கழித்து அது வந்து என் முழங்காலை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்தது. அதற்குப் பிறகே நான் கொண்டுபோன கேள்விகளைக் கேட்டேன். இது எத்தனையாவது ஈத்து என்றதற்கு, மூன்றாவது, போன வருஷம் இணைசேர்க்காமல் ஓய்வு கொடுத்தேன் என்றார். தகப்பன் இந்த ஊர் நாயா என்றதற்கு, இல்லை, ரத்தம் ஒன்றாகிவிடக் கூடாதென்று வேறு ஊரிலிருந்து தேடிக் கொண்டுவந்தது என்றார். செவிட்டுக் குட்டி பிறந்ததுண்டா என்று கேட்கும்போது என் குரல் சற்றுத் தயங்கியிருக்க வேண்டும்.

"போன ஈத்துல ஆறுல ஒண்ணுக்குக் காது கேக்கல தம்பி. அதை யாருக்கும் கொடுக்க மனசு வரல. அந்தா கெடக்கு பாருங்க" என்று வேப்பமரத்தடியைக் காட்டினார்.

நான் தேடிவந்த இடம் இதுதானென்று அப்போது தெரிந்தது. 'எங்கள் வம்சத்தில் அந்தக் குறையே கிடையாது' என்று சத்தியம் செய்பவரைக் காட்டிலும், பிறந்த குறையைக் காட்டி ஒப்புக்கொள்கிறவரே நம்பத்தகுந்தவர். எனினும், அந்தத் தாய் தகப்பனை மறுபடி ஒன்றுசேர்க்கவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே குட்டிகளைப் பார்த்தேன். அவரும் என்னைச் சும்மா விடவில்லை. சுவர் எவ்வளவு உயரம், பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், வெளியூர் போனால் சோறு யார் வைப்பார்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். வாங்க வந்தவரிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் குட்டியை நீட்டுகிறவரிடம் வாங்காதீர்கள்.

சட்டம் சொல்வதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2017ஆம் வருஷத்து நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி, தொழிலாகக் குட்டி விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. பெட்டை நாயை வருஷத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் ஈனச் செய்யக் கூடாது. எட்டு வாரக் கணக்குக்குக் காரணம் இருக்கிறது. தாயிடமும் உடன்பிறந்தவற்றிடமும் கடிபட்டும் கடித்தும்தான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்கிறது. 'பேப்பர் உள்ள குட்டி' என்று சிலர் சொல்வார்கள். கெனல் கிளப் சான்றிதழ் பெற்றோரின் பெயரைச் சொல்லுமேயன்றி, அவற்றின் செவியையோ சுபாவத்தையோ சொல்லாது. தடுப்பூசி அட்டையில் தேதியும் மருத்துவர் கையெழுத்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பார்வோ என்னும் ரத்தபேதி நோய்க்கான ஊசி ஆறு எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறையாகப் பதினாறு வாரம்வரை போட வேண்டியது. ஒரே ஊசியோடு 'எல்லாம் போட்டாயிற்று' என்பது தவறு.

விசாரிக்காமல் வாங்கிச் செவிட்டுக் குட்டி வந்து சேர்ந்துவிட்டால் அதைக் கைவிட வேண்டியதில்லை. மணியை நாங்கள் பதின்மூன்று வருஷம் வைத்திருந்தோம். உறங்கும்போது தொட்டு எழுப்பாமல் தரையைக் காலால் தட்டுவோம்; 'உட்கார்', 'வா' என்பதற்கெல்லாம் கைச்சைகை பழக்கினோம்; தெருவில் ஒருநாளும் கயிறில்லாமல் விட்டதில்லை. இரவில் தோட்டத்திலிருந்து அழைக்க வேண்டுமானால் அம்மா திண்ணை விளக்கை இரண்டு முறை அணைத்துப் போடுவார். இருட்டிலிருந்து வெள்ளையாக ஓடி வரும். எட்டாவது வயதில் அதற்குத் துணையாக அந்த மலையடிவாரத்துக் குட்டி வந்தது. அறுபது நாள் நிறைந்த பெண் குட்டி. இடது காதின் மேல் புளியங்கொட்டை அளவு பழுப்புத் திட்டு. சில மாதங்களில் இரண்டும் திண்ணையில் அருகருகே படுக்கப் பழகின. தெருக்கதவு அசைந்தால் அதன் காது நிமிரும். அந்தக் காது நிமிர்வதைப் பார்த்து மணியும் எழுந்து நிற்கும்.